பாதி தோசையும் ஏழாம் வகுப்பு வாண்டும்!

பாக்கெட் மணிக்காக சாயங்காலம் டியூஷன் எடுக்கிற பார்ட்டியா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்!

ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று, 1/2 + 1/3 = 2/5 என்று போட்டு நோட்டை நீட்டும். உடனே சிவப்புப் பேனாவைத் தூக்காதீங்க. 'எப்படிப்பா போட்டே?'ன்னு கேளுங்க. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கும். 'பாதி தோசையோடு இன்னும் கொஞ்சம் வெச்சா, பாதியைவிடக் குறையுமா?' என்று கொக்கி போடுங்க. 2/5 பாதியைவிடச் சின்னதாச்சே! வாண்டே முழிச்சுக்கும். இப்போ தோசையை ஆறு துண்டாக்குங்க. பாதிக்கு 3, மூன்றில் ஒன்றுக்கு 2. ஆக, 5/6. 'பகுதியைச் சமமாக்கு'ன்னு தொண்டை கிழியக் கத்தவே வேணாம்.

0.35 பெருசா, 0.4 பெருசா? '35தான்' என்று அடிச்சுச் சொல்லும். மீட்டர் டேப்பை நீட்டுங்க. 35 செ.மீ. எங்கே, 40 செ.மீ. எங்கே?

விகிதத்துக்கு இட்லி மாவு. அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு. உளுந்து கால் பாகமா? ம்ஹூம்... மொத்தம் 5 பங்காச்சே! உளுந்து 1/5, அதாவது 0.2, அதாவது 20 சதவிகிதம். நாலு பாடமும் ஒரே பாத்திரத்துல!

தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு லாஜிக் இருக்கு. அதைக் கேட்காம 'மக்கு'ன்னு முத்திரை குத்திட்டா, 'கணக்கு நமக்கு வராது'ன்னு பிள்ளை முடிவு கட்டிடும். ப்ளஸ் ஒன்ல குரூப் எடுக்கும்போதும் அந்த முடிவு கூடவே வரும்.

அதனால, இன்னிக்கு டியூஷன்ல முதல்ல கேளுங்க... 'எப்படிப்பா போட்டே?'