கற்பூரத்தின் பெயரிலே ஒரு பாலம்

மருதமலையில் நீங்கள் ஏற்றும் கற்பூரத்தின் வேதியியல் பெயர் 1,7,7-ட்ரைமெத்தில்பைசைக்ளோ[2.2.1]ஹெப்டேன்-2-ஓன். மலைக்க வேண்டாம், முதலில் அடைப்புக்குறியைப் பாருங்கள்.

இரண்டு கார்பன் அணுக்கள் பாலத்தின் இரு தலைகள். அவற்றினிடையே மூன்று வழிகள்; வழிகளிலுள்ள கார்பன்கள் முறையே 2, 2, 1. பெரிய எண்ணே முதலில் வரும். தலைகளையும் சேர்த்தால் 7, ஆகவே ஹெப்டேன். ஒரு தலையை 1 எனக் கொண்டு நீண்ட வழியே சென்றால் மறுதலை 4. அடுத்த வழியே திரும்பி வந்தபின், எஞ்சிய பாலத்துக் கார்பன் 7. கற்பூரத்தில் 1-இல் ஒரு மெத்தில், 7-இல் இரண்டு, 2-இல் ஆக்சிஜன். 1900-இல் ஜெர்மானியர் பேயர் வகுத்த முறை இது.

'ஹெப்டேன்' மட்டும் போதாதா? போதாது. டர்பன்டைனிலுள்ள பைனீனின் சட்டகத்திலும் 7 கார்பன்களே, ஆனால் அது [3.1.1]. ஆலைகளில் பைனீனிலிருந்து கற்பூரம் செய்கையில், பிணைப்புகள் இடம்பெயர்ந்து [3.1.1] சட்டகம் [2.2.1] ஆகிறது.