தோட்டக் காரியாலய மின்னஞ்சல்களைப் பேணுதல்: சில குறிப்புகள்

மலையகத் தமிழரின் வரலாற்றைக் கற்கப் புகுவோர், அது ஒருவகையிற் கடதாசிகளின் வரலாறாகவும் அமைந்திருத்தலைக் காண்பர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டுகளும் மணமாகாதோர் பத்தாண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுமாறு கேட்டது. ஏறத்தாழ 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுப்புக்குக் காரணங்கள் பலவாயினும், இடையறாத வதிவை எழுத்துமூலம் காட்ட இயலாமை அவற்றுள் முதன்மையான ஒன்றாகும். அரை நூற்றாண்டின் பின் வந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 என்னும் ஒரு நாளையே எல்லையாகக் கொண்டது. குறித்தவொரு நாளில் ஒருவர் எங்கிருந்தார் என்னும் வினாவுக்கு லயத்திற் பிறந்து லயத்தில் வாழ்ந்தவரிடம் வேறு விடை யாது? அவர் பெயர் பதிந்த செக்ரோலும், தோட்டக் காரியாலயத்தின் கடிதக் கட்டுமே விடையாகும்.

இன்று அக்கடிதக் கட்டின் இடத்தை மின்னஞ்சல் பெருமளவிற்குப் பெற்றுவிட்டது. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ உள்ள ஒரு தோட்டக் காரியாலயத்திலிருந்து கொழும்புத் தலைமையகத்திற்கும், தொழிற் காரியாலயத்திற்கும், தொழிற்சங்கத்திற்கும் செல்லும் எழுத்துகள் பலவும் அவ்வழியே செல்கின்றன. கொழுந்தின் அளவு, சம்பளப் பட்டியல், வீட்டுப் பழுது ஆகியவற்றோடு ஊழியர் சேமலாப நிதிக்கான பெயர்த் திருத்தமும் அவற்றுள் அடங்கும். அம்மடல்களை, அவற்றை எழுதிய மென்பொருளும் எழுதியவரின் கணக்கும் மறைந்த பின்னரும் வாசிக்கத்தக்க வடிவிற் பேணுவது எவ்வாறு என்பதையே ஈண்டு நோக்குவோம்.

பெயர்த் திருத்தத்தை நாம் விதந்து கூறுவதற்குக் காரணம் உண்டு. செக்ரோலில் 'இராமாயி' என்றும், தேசிய அடையாள அட்டையில் 'ராமாய்' என்றும், ஆங்கிலப் படிவத்திற் பிறிதொரு வடிவிலும் எழுதப்பட்ட ஒரு பெண், ஓய்வு பெறுங்கால் மூவரும் ஒருவரே என நிறுவவேண்டியவளாகிறாள். சேமலாப நிதியைத் தொழிற் திணைக்களம் நிருவகிக்க, அதன் பணத்தை மத்திய வங்கி பேணுகிறது. எனவே திருத்தம் பல மேசைகளைக் கடக்க வேண்டும். "இவ்விருவரும் ஒருவரே" என்று துரை உறுதிப்படுத்திய மடல் ஒன்று அவர் மாற்றலாகிச் சென்றபின் அழிந்துபோனால், முப்பதாண்டு உழைப்பின் பலன் தாமதமாகும். சிலவேளை கைக்கு எட்டாமலே போகும்.

தோட்ட எழுத்துகள் மையத்தை நோக்கி ஓடுவது புதிய நிகழ்ச்சியன்று. ஆங்கிலேயர் காலத்தில் துரைமார் கொழும்பிலிருந்த முகவர் நிலையங்களுக்கு எழுதினர். முகவர் இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் எழுதினர். ஆகவே, இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் ஆவணங்களைக் காண விரும்புவோர் இன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டியுள்ளது. மேலிடத்துக்குச் சென்ற பிரதி பிழைத்தது. தோட்டத்தில் நின்ற பிரதியின் கதி தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் அலுமாரிகளும் கைமாறின. எனினும் கடதாசிக்கு ஒரு நற்பண்பு உண்டு. கவனிப்பாரற்றுக் கிடப்பினும், கறையானும் ஈரமும் விட்டுவைத்த பகுதியை எவரும் வாசிக்கலாம். மின்னஞ்சல் அவ்வாறு கிடப்பதில்லை. கணக்கு மூடப்பட்ட அன்றே அது முழுமையாக இல்லாதொழியக்கூடும்.

மின்னஞ்சலின் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. 1982இல் வகுக்கப்பட்ட ஆர்.எஃப்.சி. 822 என்னும் விதி மடலைத் தலைப்பு, உடல் என இரு பகுதியாக்கிற்று. அனுப்பியவர், பெறுபவர், நாள், பொருள், மடலின் தனி அடையாளம், எம்மடலுக்கு மறுமொழி என்பன தலைப்பில் அமையும். இவையாவும் வெறும் எழுத்து வரிகளே. 1992இல் வந்த மைம் என்னும் விரிவு, படங்களையும் பிற இணைப்புகளையும் எழுத்துருவாக மாற்றி மடலினுள்ளேயே வைக்க வழி செய்தது. மூன்று அலகுகள் நான்கு எழுத்துகளாவதால் இணைப்பின் பருமன் மூன்றிலொரு பங்கு கூடும். அது பெரிய குறையன்று. தமிழிலுள்ள பொருள் வரியும் மூல மடலில் இவ்வாறே குறியீடாக்கப்பட்டு, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் போலத் தோன்றும். அதனைக் கண்டு மடல் பழுதுற்றது என எவரும் வீசிவிடலாகாது.

இம்மூல வடிவத்தை மாற்றாது மடலுக்கொரு கோப்பாகச் சேமிப்பதே இ.எம்.எல். வடிவமாகும். பல மடல்களை ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது எம்பொக்ஸ். கூகிளின் அஞ்சற் சேவையிலிருந்து மடல்களை வெளிக்கொணர்ந்தாற் கிடைப்பதும் இதுவே. தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளால் அதனை வாசிக்கலாம். காரியாலயங்களிற் பரவலாயுள்ள அவுட்லுக் தரும் பி.எஸ்.டி. கோப்பு வேறு இயல்பினது. அதனை எளிய எழுத்துத் தொகுப்பியாற் திறந்து வாசிக்க இயலாது. 2002 வரையான பதிப்புகளின் பழைய பி.எஸ்.டி. கோப்பு இரண்டு கிகாபைற்றை எட்டியதும் பழுதுறும் இயல்புடையது. அதன் அமைப்பை மைக்ரோசொஃப்ட் 2010இல் வெளியிட்டமையால் இன்று பிற கருவிகளும் அதனைத் திறக்கின்றன. ஆயினும் நீண்டகாலப் பேணலுக்கு அதிலிருந்து இ.எம்.எல்., எம்பொக்ஸ் ஆகிய வடிவங்களுக்கு மாற்றி வைப்பதே தக்கது. ஓ.எஸ்.டி. என்னும் கோப்பைப் பிரதி செய்து வைத்துவிட்டு அமைதியடைவாரும் உளர். அது கணக்கோடு பிணைந்த இடைக்காலப் பிரதி. கணக்குப் போனால் அதனைத் திறப்பது பெரும்பாடு.

மடலை அச்சிடுவதுபோலப் பி.டி.எஃப். ஆக்குவது யாவரும் அறிந்த வழி. 2005இல் உலகத் தர நிறுவனம் ஏற்ற பி.டி.எஃப்.-ஏ என்னும் வகையில் எழுத்துருவும் கோப்பினுள்ளேயே அடங்குமாதலால் எக்கணினியிலும் அதே தோற்றத்தில் வாசிக்கலாம். தொழிற் காரியாலயத்திற் கொண்டுபோய்க் காட்டுவதற்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் அவ்வாறு ஆக்குகையில் மடல் கடந்துவந்த வழியைக் கூறும் தலைப்பு வரிகள் மறையும். இணைப்புகளும் பெரும்பாலும் விடுபடும். எனவே பி.டி.எஃப். வாசிப்புப் பிரதி, இ.எம்.எல். மூலப் பிரதி. இரண்டும் வேண்டும் என்பதே எமது துணிபு. கோப்புக்குப் பதிலாக இணையச் சேமிப்பகத்தின் முகவரியை மட்டும் இணைத்திருப்பின், அக்கோப்பைத் தனியே இறக்கி அருகில் வைத்தல் வேண்டும்.

தமிழ் மடல்களைப் பொறுத்தவரை, பிறமொழிக் கைந்நூல்கள் கூறாத இடர் ஒன்றுண்டு. 1991இலேயே தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றதாயினும், இலங்கையிற் பன்னெடுங்காலம் கணினித் தமிழ் என்றாற் பாமினி எழுத்துருவே என்னும் நிலை இருந்தது. பாமினியிற் கணினி சேமிப்பது தமிழ் எழுத்தையன்று. பழைய தட்டச்சுப் பொறியின் வரிசையில் அவ்விசையிலுள்ள ஆங்கில எழுத்தையே அது சேமிக்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் நிற்கும். திரையிற் பாமினி என்னும் போர்வை விழும்போதுதான் அது தமிழாகிறது. இம்மடலை வெற்றெழுத்துக் கோப்பாக மாற்றினாற் போர்வை கழன்றுவிடும். எழுத்துருவின் பெயரும் உடன் போய்விடும். நீண்டகாலப் பேணலுக்கு வெற்றெழுத்தே சிறந்தது என்னும் பொதுவிதி இங்கே நேர்மாறான பயனைத் தருகிறது. இராமாயியின் பெயரை ஒருங்குறியில் தட்டித் தேடுவோருக்கும் அம்மடல் அகப்படாது. ஆதலால் இத்தகைய மடல்களையும் இணைப்புகளையும் முதலிற் பிரித்தெடுத்து, எழுத்துரு அடங்கிய பி.டி.எஃப்.-ஏ பிரதியொன்று செய்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிய பிரதியொன்றும் வைத்தல் வேண்டும். மாற்றிகள் ஆங்கிலச் சொற்களையும் தமிழெனக் கருதிக் குழப்பும். எனவே பெயர்களையும் இலக்கங்களையும் ஒருவர் கண்ணாற் சரிபார்ப்பது இன்றியமையாதது.

நேரக் குறிப்பிலும் சிறு நுட்பம் உண்டு. மடலின் தலைப்பு கிரீனிச் நேரத்தோடு உள்ள வேறுபாட்டையும் பதியும். இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரை மணியிலிருந்து ஆறரைக்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறுக்கும் மாறி, 2006 ஏப்ரலிலேயே மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அக்கால மடல்களின் நேரத்தைத் 'திருத்த' முற்படுவோர் சான்றைக் கெடுத்தவராவர்.

செயன்முறையைப் பற்றிச் சில கூறலாம். துரையோ பெரிய கிளாக்கரோ மாற்றலாகும் நாளுக்கு முன்னரே ஏற்றுமதி முடிந்திருக்க வேண்டும். கணக்கு மூடியபின் கேட்பதிற் பயனில்லை. தனியாள் பெயரிலன்றித் தோட்டத்தின் பெயரிலமைந்த முகவரியைப் பயன்படுத்தின் இவ்விடர் பாதி குறையும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையிற் தொடங்கினாற் காலவரிசை தானே அமையும். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தனிப் பட்டியலில் எழுதிவைத்தல் நன்று. ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடுமாதலாற் பின்னாளில் எவரும் கைவைக்கவில்லை எனக் காட்டலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியிருப்பதால் இது வீண் உழைப்பன்று. ஒரு பிரதி மலையிலும், மற்றொன்று மண்சரிவும் இடியும் எட்டாத வேறோர் ஊரிலும் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமா என்னும் வினா எழும். ஆகாது என்போம். மருத்துவச் செய்திகளும் குடும்பப் பிணக்குகளும் அம்மடல்களில் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மனங்கொள்ளத்தக்கது. கூட்டு ஒப்பந்தம், சம்பளம் ஆகியன பற்றிய மடல்களை ஆய்வாளர் காண்பதும், தன்னைப் பற்றிய மடலைத் தொழிலாளி காண்பதும் வெவ்வேறு உரிமைகள். 2005இற் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து அச்சு நூல்களையும் இதழ்களையும் திறந்த முறையில் வைத்துள்ள பாங்கு இங்கு அப்படியே பொருந்தாது. தொழிலாளியின் பெயர், செக்ரோல் இலக்கம், சேமலாப நிதி இலக்கம் ஆகிய மூன்றையும் கொண்ட சுட்டியொன்றைத் தோட்டக் காரியாலயத்தில் மட்டும் வைத்து, கேட்டு வருபவருக்கு அவருக்குரிய மடலின் அச்சுப் பிரதியைக் கொடுத்தல் போதுமானது. அச்சுட்டியில், அதே செய்தி பதிந்துள்ள செக்ரோலின் ஆண்டும் பக்கமும் மடலுக்கு எதிரே குறிக்கப்பட வேண்டும்.