ஊன்றுகோலும் பிறவும்

ஒழுக்கமுடையாரின் வாய்ச்சொல்லை, வழுக்கு நிலத்தில் நடப்பார்க்கு உதவும் ஊன்றுகோலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். வகுப்பறையில் அக்குறளைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் யான் சொல்லின் பெருமையையே விரித்துரைத்தேனன்றி, கோலின் பெருமையை ஒருபோதும் எண்ணிப் பார்த்தேனல்லேன். என் அன்னையாரின் முழங்கால்களையும் விரல்களையும் மூட்டுவாதம் பற்றிய பின்னரே அதனை எண்ணத் தலைப்பட்டேன்.

அன்னையார் நிலத்திலமர்ந்து தேங்காய் திருவுவார், முற்றம் கூட்டுவார், கிணற்றடியில் வாளி தூக்குவார். நோய் கண்டதும் மக்களாகிய நாம் அன்பு மிகுதியினால், "அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ" என்று கூறி எல்லா வேலைகளையும் அவர் கையினின்றும் வாங்கிக்கொண்டோம். ஆறு திங்கள் கழிந்தன. நோவு குறையவில்லை; முகத்தில் இருந்த களை குறைந்தது. ஒருநாள் அவர், "நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியோ?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வீட்டிலே நோயாளர்க்கு உதவும் கருவிகள் பல உள. அவற்றின் நோக்கம் ஒன்றே: நோவைத் தருகின்ற அசைவை நீக்குதல், வேலையை அவரிடமே விட்டுவைத்தல். ஆதலின் கருவியைத் தேடுமுன், நோவு எங்கே பிறக்கின்றது என்று காணல் வேண்டும். எழுதல், பற்றுதல், குனிதல், நடத்தல் என்னும் நான்கினுள் பெரும்பாலும் அஃது அடங்கும்.

முதலாவது எழுதல். ஆசனம் தாழத் தாழ முழங்கால் மிகுதியாக மடங்குகின்றது. எழும்போது மூட்டின்மேல் விழும் சுமையும் ஏறுகின்றது. நம் விறாந்தைகளை அணிசெய்யும் சாய்மனைக்கதிரை அமர்வதற்கு இன்பம், எழுவதற்குத் துன்பம். பாதம் நிலத்தில் முற்றும் பதிய, முழங்கால் மடிப்பின் உயரத்துக்கோ அதனினும் சற்று மேலாகவோ அமைந்து, கைதாங்கியும் உடைய கதிரையே ஏற்றது. இருக்கும் கதிரையையே உயர்த்தவும் கூடும். கால்கள் வழுவாது பொருந்துமாறு குழி வெட்டிய மரக்கட்டைகளைத் தச்சர் ஒருவர் அரைநாளில் செய்து தருவார். கட்டிலுக்கும் இதுவே முறை.

இரண்டாவது பற்றுதல். மெல்லிய பிடியை இறுகப் பற்ற விரல்கள் முற்றும் மடங்கவேண்டும். பிடி பருத்திருந்தால் விரல்கள் அத்துணை மடங்கவேண்டா. அழுத்தமும் உள்ளங்கை முழுவதிலும் பரவும். அமெரிக்காவிலே சாம் பார்பர் என்னும் வணிகர், மூட்டுவாதமுற்ற தம் மனைவியார் தோல் சீவும் கருவியைப் பிடிக்கமாட்டாது வருந்துதல் கண்டு, பருத்த றப்பர்ப் பிடியமைந்த சமையற் கருவிகளை 1990ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். நோயுற்றோர்க்கென எண்ணியதை நோயற்றோரும் விரும்பி வாங்கினர். நாம் அவற்றை விலைகொடுத்து வாங்கவேண்டுமென்பதில்லை. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கத்தியின் பிடியிலும் அகப்பைக் காம்பிலும் சுற்றினாற் போதும். அதன் துண்டொன்று போத்தல் மூடியைத் திறக்கவும் உதவும். திருகும் குழாய்க்குப் பதிலாக நீண்ட பிடியுள்ள குழாயைப் பூட்டினால், விரலை விடுத்து முன்கையாலேயே திறக்கலாம்.

மூன்றாவது குனிதல். உயரத்திலுள்ள முருங்கைக்காயைப் பறிக்கக் கொக்கத்தடி கண்டவர் நம் முன்னோர். நிலத்தில் விழுந்ததை எடுக்கும் நீண்ட இடுக்கியும் அவ்வினத்ததே. ஈர்க்கு விளக்குமாற்றுக்கு நீண்ட காம்பு கட்டுக. நாளும் எடுக்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைக்க. நிலத்திலிருந்து பயன்படுத்தும் திருவலைக்கு மாற்றாக, மேசை விளிம்பிற் பூட்டிக் கைப்பிடியாற் சுழற்றும் திருவலை உண்டு. அன்னையாருக்கு அதையே வாங்கிக் கொடுத்தோம். அதன் பிடியிலும் டியூப் நாடா சுற்றினோம்.

நான்காவது நடத்தல். ஊன்றுகோலை நோவுள்ள காலின் பக்கத்திற் பிடிப்பார் பலர், அது பிழை. நலமுள்ள காலின் பக்கத்துக் கையிலே பிடித்து, நோவுற்ற காலோடு சேர்த்து முன்வைத்தல் வேண்டும். செருப்பணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எங்குள்ளதோ அதுவே கோற்பிடியின் உயரம். அடியிலுள்ள றப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுக. படி ஏறுங்கால் நலமுள்ள கால் முன்னே செல்க. இறங்குங்கால் கோலும் நோவுற்ற காலும் முன்னே செல்க.

வள்ளுவர் குறித்த வழுக்கு நிலம் இன்று நம் கிணற்றடியும் குளியலறையுமே. பாசியைத் தேய்த்து நீக்குக. தனித்துக் கிடக்கும் கால்மிதியை அகற்றுக. சுவரிலே உறுதியான கைப்பிடி பொருத்துக. துவாய் தொங்கவிடும் கம்பி உடற்பாரத்தைத் தாங்காது. குந்தியிருக்க இயலாதார்க்கு, மலசலகூடக் குழியின்மேல் வைக்கும் துளையிட்ட கதிரை பேருதவி. இரவிற் செல்லும் வழியில் ஒரு சிறுவிளக்கு எரிக. இவற்றைத் தேர்வதற்குமுன் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கலந்துகொள்ளல் நன்று. அளவு பொருந்தாத கருவி புதிய நோவைத் தரும்.

கருவி, உடலுக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் பொருந்தவேண்டும். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிவார்க்கென அமைந்தது. வெறுங்காலோடு நடந்து, குந்தியிருந்து, சேற்று வயலில் இறங்கும் மக்களுக்கு அது பயன்படாமை கண்டு, இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் வைத்தியர் சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் றப்பரும் மரமும் கொண்டு வேறொரு பாதத்தைச் செய்தனர். போரினாற் காலிழந்த நம்மவர் பலரை எழுந்து நடக்கச் செய்ததும் அதுவேயன்றோ?

வீட்டுக்குச் சொன்னது கல்லூரிக்கும் பொருந்தும். பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர் இடரின்றி நுழைதற்கு வேண்டிய விதிகள் இலங்கையில் 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. ஆயினும், சென்ற பரிசளிப்பு விழாவன்று, எமக்கு இலக்கணம் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் நம் மண்டபத்தின் மூன்று படிகளை ஏறமாட்டாது வேப்பமர நிழலிலேயே அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கியிலே விழாவைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார். ஒவ்வொரு படியும் ஆறு அங்குலம். மூன்றுக்கும் 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்வுப்பாதையின் கணக்கு. பதினெட்டு அடி நீளச் சீமெந்துப் பாதை ஒன்றே அவரை நம்மிடமிருந்து பிரித்து வைத்தது. பழைய மாணவருள் பொறியியலாளரும் மேசன்மாரும் பொருள் படைத்தோரும் உளர். யூபிலி ஆண்டிலே எழுப்பத்தக்க நினைவுச்சின்னம் இதனினும் சிறந்தது வேறு யாதுளது?

அன்னையாரின் விரல்கள் இன்றும் நோகின்றன. ஆயினும் காலையிலே தேங்காய் திருவுபவர் அவரே. அவ்வேளையில் அடுக்களைக்குள் நுழைவோரை, "இங்கை என்ன வேலை, அங்காலை போங்கோ" என்று விரட்டுபவரும் அவரே. அக்குரலை மீண்டும் கேட்டபோதுதான், அவர் இவ்வீட்டின் விருந்தாளியல்லர் என்பதை நாம் உணர்ந்தோம்.