சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் போடும் கணக்கு

இமாசலப் பிரதேசத்தில் மணாலியையும் லாகௌல் பள்ளத்தாக்கையும் இணைக்கும் அடல் சுரங்கப்பாதையின் நீளம் 9.02 கி.மீ. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் மெல்லிய சிக்னல் அந்த மலையைத் துளைத்து உள்ளே வராது. இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் வேண்டும். உள்ளே ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. அதன்பிறகும் திரையில் கார் நகர்கிறதென்றால், அது கருவி போடும் மனக்கணக்கு.

கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை, கடந்த நேரம். கணக்குக்கு இவ்வளவு போதும். நடுக்கடலில் மாலுமிகள் நெடுங்காலம் நம்பியிருந்த முறைதான். 1985-இல் அமெரிக்காவில் வந்த ஈடாக் கருவி, செயற்கைக்கோளின் துணையே இல்லாமல் திசைகாட்டியையும் சக்கர சென்சார்களையும் கொண்டு காரின் இடத்தைச் சொன்னது. வரைபடம் இருந்தது கேசட்டில்! ஜிபிஎஸ் முழுமையாகச் செயல்பாட்டுக்கு வந்ததே 1995-இல்தான்.

காரோடு பொருத்தி வரும் கருவிக்கு ஒரு வசதி உண்டு. ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்த சென்சார்கள் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று சொல்லிவிடும். வண்டி திரும்பினால் ஜைரோஸ்கோப் சொல்லும். இதிலும் பிசகு வரும். 31 செ.மீ. ஆரமுள்ள டயர் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு சுமார் 2 சதவீதம் குறையும். பழைய அளவையே வைத்துக் கணக்குப் போட்டால், அடல் சுரங்கத்தின் மறுமுனையில் கார் 180 மீட்டர் முன்னால் போய்விட்டதாகக் கருவி காட்டும். அதனால்தான் நல்ல கருவிகள், வெட்டவெளியில் சிக்னல் இருக்கும்போதே டயரின் அளவைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

காரோடு இணைக்காத செல்போனின் பாடுதான் திண்டாட்டம். சக்கரம் சுற்றுவது அதற்குத் தெரியாது. தன்னிடமுள்ள முடுக்கமானியை மட்டும் நம்பினால், அதன் சிறு பிழையால் வேகம் ஒவ்வொரு விநாடியும் வெறும் 1 செ.மீ./விநாடி கூடிக்கொண்டே போனாலும் ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் தவறும்; 9 நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஆகவே போன் செயலிகள் பெரும்பாலும், கார் பழைய வேகத்திலேயே போவதாக வைத்துக்கொண்டு புள்ளியை வரைபடச் சாலையின் மேலேயே நகர்த்துகின்றன. நெரிசலில் நாம் நின்றுவிட்டால், திரையில் மட்டும் கார் போய்க்கொண்டிருப்பதும் உண்டு.

அடலில் உள்ளே பிரியும் சாலை இல்லை. திரையில் கார் சற்று முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. பாஸ்டன் நகரின் அடியில் செல்லும் சுரங்கச் சாலைகளில் பிரிவுகள் உள்ளேயே வருகின்றன. அங்கே 50 மீட்டர் பிசகினால் திருப்பம் போச்சு. சுரங்கச் சுவர்களில் பொருத்த வேஸ் செயலி புளூடூத் பீக்கன்களைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

அப்படிப்பட்ட சுரங்கமென்றால், எந்த வழியில் வெளியேற வேண்டும் என்பதை நுழையும் முன்பே பார்த்துவிடுங்கள். உள்ளே போனபின் திரையைவிட வழிகாட்டிப் பலகையை நம்புங்கள்.