விரல் தடுமாறியது, பட்டியல் காட்டிக்கொடுத்தது

பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் எங்களை மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆண் பெயரோ வேலை சார்ந்த சொல்லோ வந்தால் இடப்பக்க விசை. பெண் பெயரோ குடும்பம் சார்ந்த சொல்லோ வந்தால் வலப்பக்க விசை. சற்று நேரத்தில் விதி மாறியது. பெண் பெயரும் வேலையும் ஒரே பக்கம். அப்போதுதான் என் விரல்கள் தடுமாறின.

ஆணை வேலையோடும் பெண்ணைக் குடும்பத்தோடும் நான் ‘வலுவாக’ இணைத்துப் பார்ப்பதாக முடிவு வந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வேலைக்குச் செல்பவர் என் அம்மா. அவரைப் பார்த்து வளர்ந்த நானா இப்படி?

இதற்கு உள்ளார்ந்த தொடர்புச் சோதனை என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஆண்டனி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் இதை 1998ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தினர். “பெண்கள் வேலைக்குப் போகலாமா?” என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலோர் நல்ல பிள்ளையாகவே பதில் சொல்வோம். அதனால் பதிலை விட்டுவிட்டு, விசையை அழுத்த எடுக்கும் நேரத்தை இந்தச் சோதனை அளக்கிறது.

ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்து பார்த்தேன். இம்முறை ‘சிறிதளவு’தான். ஒரே வாரத்தில் திருந்திவிட்டேனா? விரிவுரையாளர் சிரித்தார். இருமுறை செய்பவர்களின் முடிவுகளுக்கு இடையிலான ஒட்டுறவு ஏறக்குறைய 0.5 மட்டுமே என்றார். 1 என்றால்தான் முழுப் பொருத்தம். மேலும், ஏறக்குறைய 500 ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய சோதனைகளின் முடிவு மாறினாலும் அதனால் நடத்தை மாறியதற்குச் சான்று இல்லை என்றது.

அப்படியென்றால் பாரபட்சத்தை அளக்கவே முடியாதா? மனத்தை விட்டுவிட்டு, எடுக்கும் முடிவுகளை அளக்கலாம். பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினர். பெயர்களைக் குலுக்கல் முறையில் மாற்றினர். வெள்ளையர் பெயர் கொண்டவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் கொண்டவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. 2004ல் வெளிவந்த அந்த ஆய்வு யாருடைய மனத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிரவு, எங்கள் மாணவர் மன்றத்தின் கடந்த மூன்று நிகழ்ச்சிகளுக்கான பொறுப்புப் பட்டியலை எடுத்தேன். ஒலி, ஒளி, மேடை எல்லாம் ஆண்கள். அலங்காரம், விருந்தினர் வரவேற்பு எல்லாம் பெண்கள். அவரவர் விருப்பம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், நான் யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. மூன்று பட்டியல்களையும் தயாரித்தது நான்தான்.

அடுத்த நிகழ்ச்சிக்கு எல்லாரிடமும் விருப்பத்தை எழுதி வாங்கினோம். ஒலிக்கருவிப் பொறுப்பைக் கேட்டவர்களில் இரண்டு பெண்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக எங்கள் வரவேற்பு மேசையில் நின்றவர்.