மூன்று லட்சம் ஆறு லட்சமாகும் கணக்கு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் விடிவதற்கு முன்பே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினால், அவர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவராக இருக்கலாம். ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. காக்கிமேல் ஆசை வைத்த பிள்ளைகள் பலருக்கு ப்ளஸ் டூ முடிந்ததும் ஒரு யோசனை வரும்: குற்றவியல் படித்தால் என்ன? சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் கட்டணத்துக்குக் கல்விக் கடன். இந்தக் கடனின் உள்ளே நடக்கும் கணக்கு, துப்பறியும் கதையைப் போலவே சுவாரசியமானது.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் மூன்றாண்டுக்கு 3 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதற்கு மொரட்டோரியம், அதாவது தவணை ஓய்வுக் காலம் என்று பெயர். ஓய்வு நமக்குத்தான், வட்டிக்கு இல்லை. முதல் லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி சுமார் 27 ரூபாய். ஒரு டீ, ஒரு வடைக் காசு. மூன்றாம் ஆண்டு வந்தால் அது நாளுக்கு 82 ரூபாய். நான்காண்டு முடிவில் சேர்ந்திருக்கும் வட்டி 90,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 3 லட்சம் அல்ல, 3 லட்சத்து 90 ஆயிரம்.

இதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை, அதாவது இஎம்ஐ, சுமார் 5,154 ரூபாய். 120 மாதமும் ஒரே தொகைதான். உள்ளே இருக்கும் கலவைதான் மாதாமாதம் மாறுகிறது. முதல் தவணையில் 3,250 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசலில் குறைவது 1,904 மட்டும். 38-ஆவது தவணையில்தான் அசலின் பங்கு வட்டியை முந்துகிறது. பாதிக் கடன் அடைவது 75-ஆவது தவணையில், அதாவது ஆறேகால் ஆண்டு கழித்து. கடைசித் தவணையில் வட்டி வெறும் 43 ரூபாய்! மொத்தம் கட்டியது 6 லட்சத்து 18 ஆயிரம்.

இந்தக் கணக்கைத் திருப்பிவிட ஒரு வழி உண்டு. ஓய்வுக் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் கடன் 3 லட்சத்திலேயே நிற்கும். தவணை 3,965 ஆக இறங்கும். மொத்தத்தில் 52,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். முதலாண்டில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் தமிழக அரசு மாதம் தருவது 1,000 ரூபாய். முதலாண்டு வட்டியை அது முழுதாக விழுங்கிவிடும்.

இனி வரவுப் பக்கம். இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படைச் சம்பளம் 18,200-இல் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு போதும். உதவி ஆய்வாளருக்கு (எஸ்.ஐ.) தொடக்கம் 36,900. ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும். படிகள் இரண்டுக்கும் தனி. இடைவெளி மாதம் 18,700 ரூபாய் என்பது பட்டத்தின் மதிப்புதான். ஆனால் கூர்ந்து பாருங்கள்: அது எந்தப் பட்டத்துக்கும் கிடைக்கும் மதிப்பு. அரசுக் கலைக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் வரலாறு படித்தவரும் அதே தேர்வை எழுதலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் இருக்கிறது. 18 வயதிலேயே காவலராகச் சேர்ந்தவர் மூன்றாண்டில் பெறும் அடிப்படைச் சம்பளம் மட்டும் 6,55,200 ரூபாய். கல்லூரிக்குப் போனவர் கைவிட்ட இந்த வருமானத்தைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். வட்டியோடு சேர்ந்த மொத்தக் கடனைவிட அது பெரிது! காவலராகச் சேர்ந்தபின் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கி, துறையினருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது.

படிப்புக்கான கடன் வருமானத்துக்குத் தகுமா என்று அளக்க அமெரிக்காவும் முயன்றிருக்கிறது. லாபநோக்கக் கல்லூரிகளின் படிப்புகளுக்கு அந்நாட்டுக் கல்வித் துறை 2023-இல் வகுத்த விதியில் இரண்டு சோதனைகள் இடம்பெற்றன. ஒன்று, ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் அளவுகோல். மற்றது, படித்தவர்களின் இடைநிலை வருமானம், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் வருமானம், பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர்களுடையதைவிடக் கூடுதலா என்பது.

அந்த 8 சதவீதத்தை இங்கே வைத்துப் பார்ப்போம். 36,900-இல் அது 2,952 ரூபாய். நம் கணக்கின்படி அந்தத் தவணைக்குள் அடங்க, வாங்கும் கடன் 1 லட்சத்து 70 ஆயிரத்தை ஒட்டி இருக்க வேண்டும். படிகளைச் சேர்த்தால் வரம்பு உயரும். ஆனால் தேர்வு உங்கள் தவணைத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் உதவி ஆய்வாளர் தேர்வை 2019-இல் அறிவித்தபின் அடுத்து அறிவித்தது 2022-இல். ஓய்வுக் காலமோ படிப்புக்குப் பின் ஓராண்டுதான்.

குற்றவியல் வேண்டாத படிப்பு அல்ல. குற்றம் ஏன் நடக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்யலாம் என்று ஆராய விரும்புகிறவருக்கும், நன்னடத்தை அலுவலர் போன்ற பணிகளை நாடுகிறவருக்கும் அது நேரடியாகப் பயன்படும். எஸ்.ஐ. ஆவது மட்டுமே குறி என்றால், அதற்காக 3 லட்சம் கடன் வாங்கத் தேவையில்லை. சேருமுன் கல்லூரியில் ஒன்றைக் கேளுங்கள்: போன மூன்றாண்டில் படித்து முடித்தவர்களில் நடுவில் நிற்பவர் இன்று என்ன சம்பளம் வாங்குகிறார்? பதில் சொல்லத் தெரியாத கல்லூரிக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.