வாழ்நாளில் ஒரே ஒரு முறை

ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை தானம் கொடுக்கலாம். அவள் வயது 23-க்குக் குறையக் கூடாது, 35-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஒரு முறையிலும் ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

அந்தச் சட்டம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்திக்கு நடந்தது வெளியே வந்தது. பெற்ற தாயும், தாயோடு வாழ்ந்த ஆணும், ஒரு பெண் தரகரும் சேர்ந்து, போலி ஆதார் அட்டையில் அவள் வயதைக் கூட்டிக் காட்டி, மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப்போய் எட்டு முறை அவள் கருமுட்டையை விற்றிருந்தார்கள். ஒரு முறைக்கு 20,000 ரூபாய், தரகருக்கு 5,000 என்று அன்றைய செய்திகள் சொல்லின. பாலியல் கொடுமையும் நடந்திருந்ததால் போக்சோ சட்டமும் பாய்ந்தது. ஜூலை 14 அன்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், தமிழ்நாட்டில் நான்கு தனியார் மருத்துவமனைகளை மூட உத்தரவிட்டிருப்பதாக அறிவித்தார். அவை இருந்த ஊர்கள் ஈரோடு, சேலம், பெருந்துறை, ஓசூர்.

ஓசூர் என்றால் நம் கிருஷ்ணகிரி மாவட்டம். சாமல்பட்டியில் இருந்துகொண்டு இதை எங்கோ நடந்த செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை. ஊத்தங்கரை, மத்தூர் பக்கத்துக் கிராமங்களில் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும், பர்கூர் பக்கம் செருப்பு கம்பெனிகளுக்கும், ஓசூருக்கும் போகிறார்கள். அவர்களில் பலர் தலையில் குழு லோன் தவணை இருக்கிறது. “பத்து நாள் ஊசி, ஒரு நாள் லீவு, ரத்த தானம் மாதிரிதான்” என்று யாராவது காதில் ஓதினால், அந்தத் தவணைதான் முதலில் நினைவுக்கு வரும்.

ரத்த தானம் மாதிரி இல்லை. இயல்பாக ஒரு மாதத்தில் ஒரு முட்டைதான் முதிரும். பலவற்றை ஒரே நேரத்தில் முதிர வைக்க, பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டு, நடுநடுவே ஸ்கேன் பார்ப்பார்கள். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசியைச் செலுத்திச் சினைப்பையிலிருந்து முட்டையை உறிஞ்சி எடுப்பார்கள். ரத்தக் கசிவும் தொற்றும் நேரலாம். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொள்ளும். கடுமையாவது அரிது, ஆனால் கடுமையானால் உயிருக்கே ஆபத்து. முட்டை எடுத்த சில நாளில் வயிறு உப்பினால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், கால் வீங்கி வலித்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எட்டு முறை என்றால் இத்தனை ஆபத்தையும் எட்டு முறை, வளர்ந்து முடியாத உடம்பில் சுமந்தாள் அந்தப் பிள்ளை.

தானம் கொடுப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இது: எல்லாம் விளங்கிய பின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், முட்டையைப் பெறும் தம்பதி செலவில் 12 மாதக் காப்பீடு, பதிவு பெற்ற செயற்கைக் கருத்தரிப்பு வங்கி வழியாக மட்டுமே தானம். இந்த எல்லைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். ஆங்கிலப் படிவத்தை நீட்டினால், எனக்குத் தெரிந்த பாஷையில் படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். கருமுட்டையை விற்பதும் அதற்காகத் தரகு வைத்துத் தொழில் நடத்துவதும் குற்றம். முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை. முதல் குற்றத்துக்கு வெறும் அபராதம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். பெரிய மருத்துவமனைக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

முட்டையை வாங்கும் பக்கத்திலும் ஒரு பெண்தான் இருக்கிறாள். கல்யாணமாகி மூன்றாவது மாதமே “விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவக் கணக்கில் அது குழந்தையின்மை. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்க்கலாம். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது. அப்படியிருக்க, இதில் யாரும் தலைகுனிய என்ன இருக்கிறது?

முதலில் செய்ய வேண்டியது கணவரின் விந்துப் பரிசோதனை. செலவு குறைவு, வலி இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் கலந்திருக்கிறது. ஆனாலும் மனைவிக்கு மூன்று ஃபைல் நிறைய ஸ்கேன் சேர்ந்த பிறகும் ஒரு பரிசோதனைகூடச் செய்துகொள்ளாத கணவர்களை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் குடித்த மருந்துக்கும் கேட்ட பேச்சுக்கும் யார் பதில் சொல்வது? கருக்குழாயைக் காசநோய் அடைத்திருப்பதும் நம் நாட்டில் உண்டு. அதற்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

கருத்தரிப்பு மையத்துக்குப் போனால் பதிவுச் சான்றிதழை முதலில் பாருங்கள். மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள். “எங்க சக்ஸஸ் ரேட் இவ்வளவு” என்றால், அது பரிசோதனையில் கரு தங்கியதாகக் காட்டிய கணக்கா, குழந்தை கையில் கிடைத்த கணக்கா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, இரட்டைக் கரு வரும் ஆபத்து எல்லாவற்றையும் மையம் உங்களிடம் சொல்லியாக வேண்டும். கருவைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் முன்பு எந்த நேரத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆண் குழந்தையாகவே வைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்க முடியும். பெண்சிசுக் கொலையால் பேர் கெட்ட பழைய தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-ல் பிரிந்து வந்தவர்கள் நாம்.

குழந்தை பெற்று முடித்த பெண்களிடம் வேறொரு வாக்கியம் சொல்லப்படுகிறது: “கர்ப்பப்பையை எடுத்துடலாம்.” மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் நிறைந்த அந்தப் பகுதியில், மூன்று ஆண்டுகளில் 4,600-க்கும் மேல் இப்படி எடுக்கப்பட்டதாக 2019-ல் அந்த மாநில அரசே சொன்னது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிக உதிரப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி மாதிரி உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கர்ப்பப்பை இறக்கத்துக்கு இடுப்புத்தசைப் பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும் பலருக்குப் போதும். அறுவை தேவைப்படுகிறவர்களும் உண்டு, ஆனால் இரண்டாவது டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இளவயதில் அதையும் எடுத்தால் எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. சோதனைக்கென மயக்க மருந்து கொடுத்த பெண்ணுக்கு, தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்தது தவறு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சுயநினைவோடு இருக்கக்கூடிய பெண்ணின் உடம்புக்குத் தாயோ கணவரோ கையெழுத்துப் போட முடியாது.

தவறு நடந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முதலில் காகிதங்களைக் கேளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டியது டாக்டரின் கடமை. புகாரைக் கிருஷ்ணகிரியில் உள்ள மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்ற கவலை வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு: 15100. உடம்பு பற்றிய சந்தேகத்துக்கு 104, மிரட்டல் வந்தால் 181.

ஈரோட்டுச் சிறுமியை எந்த மருத்துவமனையின் பதிவேடும் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு முறை ஸ்கேன் பார்த்தவர்களில் யாரும் இவளுக்கு என்ன வயது என்று நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. வீட்டைவிட்டு ஓடி, சேலத்தில் இருந்த உறவினர்களிடம் போய் அவளே சொன்னாள். அவர்கள் அவளை நம்பி, போலீசுக்கு அழைத்துப் போனார்கள். நம் தெருவில் பள்ளியை நிறுத்திவிட்டு அடிக்கடி “ஆஸ்பத்திரிக்கு” அழைத்துச் செல்லப்படும் பெண்பிள்ளை யாராவது இருந்தால், அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். அவள் ஏதாவது சொன்னால் அன்றைக்கே 1098-க்குப் போன் போடுங்கள்.